கார்டில் இருபது, வாயில் பதினைந்து

அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் படிக்கிறவர். முப்பத்தொரு வருஷம் அதே வேலை. தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மீட்டர்" என்பார்கள். கொஞ்சம் மரியாதை மிச்சமிருந்தால் "மீட்டர் சார்". தோளில் ஒரு காக்கிப் பை, அதற்குள் நீளமான ரீடிங் புத்தகம், மூடியைத் தூக்க ஓர் இரும்புக் கொக்கி, ஒரு டார்ச். வாசலோரம் தரையில் பதித்திருக்கும் சின்னக் குழியின் மூடியைத் தூக்கி, உள்ளே குடியிருக்கும் கரப்பான்கள் ஓடி ஒளிய ஒரு நிமிஷம் அவகாசம் கொடுத்து, பிறகு முழங்காலிட்டு, மீட்டர் கண்ணாடியில் படிந்த மண்ணைக் கட்டைவிரலால் துடைத்து எண்ணைப் படிப்பார். எழுதுவதற்கு இரண்டு கையும் வேண்டுமென்பதால் டார்ச்சை வாயில் கவ்விக்கொள்வார். ஒரு நாளைக்கு எழுபது, எண்பது வீடு. சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது பேன்ட்டின் இரண்டு முழங்காலிலும் வட்ட வட்டமாக மண் அப்பியிருக்கும்.

"நான் துணியா துவைக்கிறேன்? தெருவைத் துவைக்கிறேன்" என்பாள் அம்மா.

அவர் போய் ஏழு மாதம் ஆகிறது. அவரை நினைத்தால் சின்னவளுக்கு அவர் வேலையில் சேர்ந்த கதையோ, ஓய்வு பெற்ற நாளில் ஆபீஸில் போட்ட மாலையோ முதலில் வருவதில்லை. அவளுடைய பல்தான் வருகிறது.

சின்னவள் அவருடைய இரண்டாவது பெண். பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தபோது ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு முளைத்தது. இரண்டு பக்கமும் தெத்துப்பல் உதட்டைத் தூக்கிக்கொண்டு நின்றது. முன்பல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தன. கடைவாய்ப் பற்கள் மேலும் கீழும் பொருந்தாததால் ஒரு பக்கமாகவே மெல்லுவாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர் முள்கரண்டி. ஆறாம் வகுப்பில், சேர்ந்து பாடுகிற குழுவிலிருந்து தானாகவே விலகினாள். எட்டாம் வகுப்பில் ஆசிரியை கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் தெரியாது என்று தலையாட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். சிரிப்பு வந்தால் உடனே கை வாய்க்குப் போய்விடும்.

"பெரியவளானா தானா சரியாயிடும்" என்று அம்மா வருஷத்துக்கு இரண்டு முறை சொல்லிவந்தாள். பள்ளியில் உடல்நலப் பரிசோதனைக்கு வந்தவர்கள், பல் மருத்துவரை உடனே பார்க்கவும் என்று அச்சடித்த சீட்டில் 'உடனே' என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு அனுப்பிய அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு நின்றது.

எந்த மருத்துவரிடம் போவது என்பதற்கு அன்று சாயங்காலம் வீட்டில் ஒரு பஞ்சாயத்தே நடந்தது. பக்கத்து வீட்டில் விசாரித்துவிட்டு வந்த அம்மா, மார்க்கெட் முனையில் பெரிய போர்டு வைத்திருக்கிறவர்தான் கெட்டிக்காரராம் என்றாள். அப்பா பையிலிருந்து ரீடிங் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார்.

"அந்த ஆளா? ரெண்டு மாசத்துக்கு நாலு யூனிட்டு."

"அதனால என்னங்க?"

"என்னங்களா? ஹால்ல இத்தா பெரிய மீன்தொட்டி வச்சிருக்கான். அந்தத் தொட்டிக்கே மூணு யூனிட்டு போயிடும். மிச்சம் ஒரு யூனிட்ல எத்தனை பேர் வாயைக் கழுவ முடியும், சொல்லு. அவன் கையையாவது கழுவுறானான்னே எனக்குச் சந்தேகம்."

"மாடியில ஒருத்தர் இருக்காரே, பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல?"

"முப்பது யூனிட்டு. ஆனா அதுல பாதி கீழ கார் கழுவுறவனோடது. ரெண்டுக்கும் ஒரே மீட்டரு. நம்ப முடியாது."

அக்கா சிரித்துக்கொண்டே நுழைந்தாள். அவளுக்கு அப்போது பதினேழு வயது. வாய் அதைவிடப் பெரியது. "தண்ணி நிறைய செலவானா நல்ல டாக்டர்னா, நேரா அந்தக் கார் கழுவுறவர்கிட்டயே இவளைக் கூட்டிட்டுப் போயிடலாமேப்பா. உள்ளயும் வெளியவும் பளிச்சுனு பண்ணிக் குடுப்பாரு."

"நிறையங்கறது இல்லடி. சீரா இருக்கணும்" என்று அப்பா ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "லாண்டரிக்குப் பின்னாடி சந்துல ஒரு டாக்டரம்மா இருக்காங்க. பதினெட்டு, பதினேழு, பதினெட்டு, பதினெட்டு. மூணு வருஷமா பாக்கறேன், ஒரு யூனிட்டு கூட ஆட்டம் இல்ல. வர்ற ஆளு யாரா இருந்தாலும் அந்தம்மா ஒரே மாதிரி கழுவுறாங்கன்னு அர்த்தம்."

"ஊர்ல எல்லாரும் டாக்டரைப் பத்தி நாலு மனுஷங்களைக் கேப்பாங்க. இவர் குழாயைக் கேக்கறார்" என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். அப்படித்தான் முடிவாயிற்று.

டாக்டரம்மாவின் கிளினிக்கில் மொத்தம் இரண்டே அறை. வெளி அறையில் ஒரு பெஞ்சு, யாரோ குறுக்கெழுத்தைப் பாதி நிரப்பி வைத்த பழைய பத்திரிகைகள். உள் அறைச் சுவர் முழுக்கத் தட்டு அடித்து, சுண்ணாம்பில் வார்த்த தாடைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் கீழும் ஒரு சீட்டு. ஊரில் பாதிப்பேர் அங்கே உட்கார்ந்து வாயைத் திறந்து சிரிப்பதுபோல் இருந்தது. டாக்டரம்மா குள்ளம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு மர முக்காலி போட்டு அதன்மேல் ஏறி நின்றுதான் வாய்க்குள் பார்ப்பார்.

நீண்ட நேரம் பார்த்துவிட்டு முக்காலியிலிருந்து இறங்கினார். "பல்லு மேல தப்பில்ல சார். அஞ்சு பேர் உக்கார்ற பெஞ்சுல ஏழு பேரை ஏத்தினா என்ன ஆகும்? ஒருத்தன் மடியில ஒருத்தன். மேல்தாடை ரொம்பக் குறுகல்."

"அப்ப பெஞ்சை நீட்டணும்" என்றார் அப்பா.

"அதேதான். மேல் அண்ணத்துக்கு நடுவுல தையல் போட்ட மாதிரி ஒரு கோடு இருக்கும். இந்த வயசுல அது இன்னும் முழுசா இறுகல. ஒரு திருகு வச்சு மெல்ல மெல்ல அகட்டினா இடம் கிடைக்கும். அப்புறம் கம்பி போட்டு ஒவ்வொண்ணா வரிசையில கொண்டு வந்துடலாம். பாப்பாவுக்கு என்ன வயசு?"

"பன்னெண்டரை."

"சரியான நேரத்துல வந்தீங்க. இன்னும் ஏழெட்டு மாசத்துக்குள்ள இதை முடிச்சாகணும். தையல் இறுகிடுச்சுன்னா அப்புறம் ஆபரேஷன்தான்."

அடுத்த வாரம் குழைந்த மாவுபோல் ஏதோ ஒன்றை வாயில் திணித்து அச்சு எடுத்தார்கள். அதற்கடுத்த வாரம் திருகு வந்தது. நான்கு கடைவாய்ப் பற்களில் நான்கு காலை ஊன்றிக்கொண்டு மேல் அண்ணத்தின் நடுவில் தொங்கியது. நாக்கு எங்கே போனாலும் இடித்தது. எச்சில் ஊறிக்கொண்டே இருந்தது. 'ச' சொன்னால் காற்று போனது. "எங்க வீட்ல இவ வாயில சிலந்தி வளக்கறா" என்று அக்கா தன் தோழிகளிடம் சொல்லிவைத்தாள்.

திருகைத் திருப்ப ஒரு சின்னச் சாவி. விழுங்கிவிடக் கூடாதென்று அதற்கு ஒரு நூல் கட்டியிருந்தது. டாக்டரம்மா செய்து காட்டினார். திருகில் ஒரு துளை தெரியும். அதில் சாவியை நுழைத்துத் தொண்டைப் பக்கமாகத் தள்ள வேண்டும். முன்னால் அடுத்த துளை முழுசாகத் தெரிந்தால்தான் ஒரு திருப்பு. ஒரு திருப்புக்குக் கால் மில்லிமீட்டர். காலையில் ஒன்று, இருபத்தெட்டு நாள்.

"வீட்ல யார் பண்ணுவீங்க?"

"என்னைப் பாக்காதீங்க. அதைப் பாத்தாலே எனக்குத் தலை சுத்துது" என்று அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"நான் பண்றேன் டாக்டர். சின்னதைப் பாக்கறதுதான் எனக்குத் தொழிலே" என்றார் அப்பா.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு ஜன்னலோரம் பாய் விரித்தார். சின்னவள் அவர் மடியில் தலைவைத்துப் படுத்தாள். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டதால் அவரால் பேச முடியாது. "ம்" என்றால் வாயைத் திற. "ம்ம்" என்றால் இன்னும் திற. "ம்ஹூம்" என்றால் நாக்கை மடக்கு. சாவி உள்ளே போகும், மூக்கின் அடிவரைக்கும் ஓர் அழுத்தம் ஏறும், கண்ணில் நீர் முட்டும். அப்புறம் அவர் டார்ச்சை எடுத்துவிட்டு, "அவ்வளவுதான். முடிஞ்சுது, முடிஞ்சுது" என்று நெற்றியில் உள்ளங்கையை வைத்து அந்த அழுத்தம் அடங்கும்வரை எடுக்காமல் இருப்பார். காலையிலேயே அந்தக் கையில் இரும்பு வாசனை அடிக்கும்.

ஆபீஸிலிருந்து கொண்டுவந்த பழைய ரீடிங் கார்டு ஒன்றைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தார். தேதி, அதற்கு எதிரே எண். 1, 2, 3. சின்னக் குண்டு எழுத்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கையெழுத்து வேறு.

எட்டாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது ஏறி உட்கார்ந்திருந்த முன்பல் இரண்டும் விலகி நடுவில் இடைவெளி தெரிந்தது. சின்னவள் ஓவென்று அழுதாள். "முள்கரண்டியில இப்ப ஓட்டை வேற."

அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. அம்மாவின் தையல்பெட்டியிலிருந்து ஒரு நூலை எடுத்துவந்து இடைவெளியில் விட்டுப் பார்த்தார். "அடியே, கதவு திறக்குதுடி! அழற நேரமா இது?" பத்தாம் நாள் டாக்டரம்மா இடைவெளியைப் பார்த்தார், கார்டையும் வாங்கிப் பார்த்தார். பத்து எண், பத்துக் கையெழுத்து. "உங்களை மாதிரி இன்னும் நாலு அப்பா இருந்தா நான் சீக்கிரம் வீட்டுக்குப் போயிடுவேன் சார்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை அப்பா ஒரு வாரம் வைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

பன்னிரண்டாம் நாள் ஆபீஸில் உத்தரவு வந்தது. பக்கத்து வட்டத்தில் மீட்டர் படிக்க ஆள் இல்லை, ஆறு நாள் அங்கேயே தங்கி வேலை பார்க்க வேண்டும். அப்பா அக்காவை உட்காரவைத்துச் சாவியைப் பிடிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தார், அடுத்த துளையைக் காட்டினார், ஒரு முறைக்கு மூன்று முறை கேட்டுக்கொண்டார். "அடுத்த ஓட்டை முழுசாத் தெரியணும். பாத்துட்டுத்தான் எழுதணும்."

"சரிங்க மேலதிகாரி" என்றாள் அக்கா.

முதல் நாள் அக்கா சாவியை நுழைத்தாள். பாதியில் சாவி நழுவி ஈறில் குத்தியது. மறுபடியும் நுழைத்துத் தள்ளி எப்படியோ முடித்தாள். சின்னவளுக்கு அன்று முழுக்கத் தாடை விண்விண்ணென்று தெறித்தது. மறுநாள் காலை சாவியைப் பார்த்ததுமே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் வேணாம்க்கா. ப்ளீஸ்க்கா."

"அப்பா கேட்டா?"

"எழுதிடுக்கா. ஒரு நாள்தானே."

அக்காவுக்கும் அந்த வாய்க்குள் மறுபடி கைவிட மனசில்லை. 14 என்று எழுதினாள். அப்பாவின் குண்டு எழுத்து மாதிரியே வந்ததில் அவளுக்கு ஒரு பெருமைகூட. மறுநாள் 15. அதற்கப்புறம் அழவேண்டிய அவசியமே இருக்கவில்லை. ஐந்து நாள் சாவி தொடப்படவே இல்லை, எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

அப்பா வந்தவுடன் சட்டையைக்கூடக் கழற்றாமல் கதவுக்குப் பின்னால் போய்க் கார்டைப் பார்த்தார். "பதினெட்டு. பரவாயில்லையே பெரியவளே! வலிச்சுதா சின்னவளே?"

"இல்லப்பா" என்றாள் சின்னவள். அது உண்மைதான்.

பத்தொன்பதும் இருபதும் அவரே திருப்பினார். இருபதாம் நாள், புதன்கிழமை, கிளினிக்குக்குப் போனார்கள்.

டாக்டரம்மா அளந்தார். புருவத்தைச் சுருக்கி மறுபடி அளந்தார். முக்காலியிலிருந்து இறங்கி, கார்டை வாங்கிப் பார்த்தார். "பதினஞ்சு திருப்புதான் சார் இருக்கு."

"இருபது டாக்டர். பாருங்க, இருக்கே."

"கார்டுல இருக்கு. வாயில இல்ல. தினமும் யார் திருப்புறது?"

"நான்தான். நடுவுல ஆறு நாள் என் பெரிய பொண்ணு."

"அப்ப அந்த ஆறு நாள்ல..."

"இல்லைங்க" என்று அப்பா குறுக்கிட்டார். யோசிக்கவே இல்லை. "அவ கண்ணு சின்ன வயசுக் கண்ணு, தப்பாது. எங்க வீட்ல பாக்காம எழுதற பழக்கமும் கிடையாது. தப்புன்னா அது என்னோடதாத்தான் இருக்கும்."

நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த சின்னவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வயசு என்ன சார்?"

"நாப்பத்தாறு."

"கண்ணாடி?"

"போடறதில்ல."

"அப்ப நடக்கக்கூடியதுதான். அடுத்த துளை முழுசா வந்துடுச்சுன்னு தோணும், வந்திருக்காது. தெனம் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சுருக்கும்." டாக்டரம்மா குரலை உயர்த்தவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. "இல்லேன்னா திருகு தானா பின்னால சுத்துதான்னு பாக்கணும். ஒரு வாரம் தொட வேண்டாம். சாவி என்கிட்டயே இருக்கட்டும். அடுத்த புதன்கிழமை அளவு இன்னும் குறைஞ்சிருந்தா இதைக் கழட்டிட்டு வேற செஞ்சு போடணும். முதல்லேருந்து ஆரம்பிக்கணும். நமக்கு அவ்வளவு நாள் இருக்கான்னு எனக்குத் தெரியல."

அப்பா சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். நூலை நன்றாகச் சுற்றி டாக்டரம்மாவின் மேசைமேல் வைத்தார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் கடைப் பலகைகளைத் தூரத்திலிருந்து படித்துக்கொண்டே வந்தார். ஒரு கண்ணை மூடி ஒன்று, பிறகு மறு கண்ணை மூடி ஒன்று.

அன்றிரவு அக்கா கிசுகிசுத்தாள். "வாயை மூடிட்டு இரு. ஒரு வாரத்துல எல்லாம் மறந்துடுவாங்க."

"எங்கக்கா மூட முடியுது, இந்தச் சிலந்தியை வச்சுக்கிட்டு?" என்றாள் சின்னவள். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

அப்பா மறக்கவில்லை. வியாழக்கிழமை சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கேட்டார்: "கால் மில்லியைத் தெரியாம விட்ட கண்ணு, ஆறுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் பாத்திருக்குமா?" யாரையும் பார்த்துக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் காகிதமும் பேனாவும் எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். சின்னவள் தண்ணீர் கொண்டுபோகிற சாக்கில் எட்டிப் பார்த்தாள். 'எனக்குப் பார்வை குறைந்துவிட்டதாகச் சந்தேகம் இருப்பதால், வீடுகளுக்குச் செல்லும் பணியிலிருந்து என்னை விடுவித்து, அலுவலகத்திலேயே ஏதாவது வேலை...'

"ஏங்க, ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டாத் தீராதா?" என்றாள் அம்மா.

"கண்ணாடி இனிமே படிக்கறதுக்கு உதவும். இதுவரைக்கும் படிச்சது?"

அலுவலக வேலை என்றால் பதிவேட்டு அறைதான். அது எப்படி இருக்கும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் இல்லாத அறை. அங்கே வேலை பார்த்தவர்களைப் பற்றி அப்பா சொல்லும்போது இறந்துபோனவர்களைப் பற்றிச் சொல்லுவதுபோல் குரலைத் தாழ்த்திக்கொள்வார். காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். திங்கட்கிழமை காலை கொடுத்துவிடுவதாகச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவர் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவதைப் பார்த்து, சின்னவள் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

"இன்னிக்கு லீவுப்பா."

"தெரியும். போன வாரம் படிச்சதையெல்லாம் இன்னொரு வாட்டி பாக்கலாம்னு. நீ ஏன் வர்ற?"

"சும்மாதான்."

"சரி வா. உன் கண்ணும் இருக்கட்டும்."

முதல் வீடு தையல்காரருடையது. அப்பா மூடியைத் தூக்கிக் குழிக்குள் குனிந்தார். படித்ததைச் சொல்லாமல் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கவிழ்த்துவைத்தார். "இப்ப நீ படி." அவள் படித்தாள். அப்பா தாளைத் திருப்பினார். இரண்டும் ஒன்று. போன வாரம் எழுதியதைப் புத்தகத்தில் பார்த்தார். இடையில் ஓடிய நாளுக்கு எவ்வளவு கூடியிருக்க வேண்டுமோ அவ்வளவுதான் கூடியிருந்தது. தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அங்கேயும் சரி. மூன்றாவது வீட்டில் மீட்டர் கண்ணாடிக்கு உள்ளேயே ஈரம் கோத்திருந்தது. சின்னவளுக்குக் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெரியவில்லை. அப்பா தலையைச் சாய்த்து ஒரு கோணத்தில் பார்த்து, "மூணு" என்றார். டார்ச்சைச் சரித்துப் பிடித்து அவளுக்கும் காட்டினார். மூன்றுதான்.

பத்து வீடு ஆயிற்று. பத்தும் சரி. ஒவ்வொரு வீட்டுக்கும் அவர் முகம் தெளிய வேண்டியதற்குப் பதிலாக இன்னும் குழம்பிக்கொண்டே போனது.

பதினோராவது வீடு ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாளுடையது. சத்தம் கேட்டு அந்த அம்மாள் ஜன்னலுக்கு வந்தார். "என்ன மீட்டர், போன வாரம்தானே வந்தீங்க? நான் குடிக்கிற தண்ணியை டம்ளர் டம்ளரா எண்ணப் போறீங்களா?"

"சும்மா ஒரு சந்தேகம்மா. உங்க தண்ணி மேல இல்ல, என் மேல."

அந்த அம்மாள் உள்ளே போனதும் அப்பா குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்னவளை நிமிர்ந்து பார்த்தார். உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் கேட்டார்.

"இங்கெல்லாம் சரியாத்தானே இருக்கு. உன் வாயில மட்டும் எப்படிடா தப்பு பண்ணேன்?"

அதற்குமேல் அவளால் முடியவில்லை. "நீங்க தப்பு பண்ணலப்பா" என்றாள். திருகு இருந்ததால் வார்த்தைகள் எச்சிலோடு வழிந்தன. "அக்கா திருப்பவே இல்ல. நான்தான் வேணாம்னு அழுதேன். எழுதச் சொன்னதும் நான்தான்."

அப்பா புத்தகத்தை மூடினார். "எத்தனை நாள்?"

"அஞ்சு."

"இருபதுல அஞ்சு போனா..." அவர் வாய்விட்டுக் கணக்குப் போட்டார். ஏதோ பெரிய கணக்குபோல் அதற்கு அவ்வளவு நேரம் ஆயிற்று. "பதினஞ்சு. அப்ப டாக்டரம்மா அளந்தது சரி. திருகும் சரி." கட்டைவிரலைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "என் கண்ணும் நல்லாத்தான் இருக்கா?"

"நல்லாத்தான் இருக்குப்பா."

முதலில் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாதியிலேயே அது கோபமாக மாறிவிட்டது. "நாலு நாளா எனக்குத் தூக்கம் இல்லடி, தெரியுமா உனக்கு? சோத்துல கல்லு கடிச்சாக்கூட கண்ணு தெரியாமத்தான் தின்னுட்டேனோன்னு பாத்துட்டிருந்தேன். வலிச்சுதுன்னா வலிச்சுதுன்னு சொல்ல வேண்டியதுதானே? ஒரு வாரம் கழிச்சுத் திருப்பியிருப்போம். யார் என்ன சொல்லப்போறா? பாக்காததைப் பாத்ததா எழுதுனா, அதை நம்பி இன்னொருத்தர் எதையாவது கழட்டுவாங்கடி."

அவள் அழுதாள். அவர் அவளை அழவிட்டார். சட்டைப்பையிலிருந்த காகிதத்தை எடுத்து, படிக்காமலேயே எட்டாகக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டாக்டர்கிட்ட நீங்க சொல்லிடுவீங்களாப்பா?"

"நான் எதுக்கு? வாய் உன்னோடதுதானே."

திங்கட்கிழமை சாயங்காலம் சின்னவளே சொன்னாள். டாக்டரம்மா முக்காலியில் நின்றபடி முழுவதையும் கேட்டார். மேசை இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்தார். "மன்னிச்சுக்குங்க சார்" என்றார். "ஐயையோ, நீங்க அளந்தது சரிதானே" என்று அப்பா பதறினார். விட்டுப்போன ஐந்தையும் ஒரே நாளில் திருப்பிவிடலாமா என்று சின்னவள் கேட்டதற்கு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஒண்ணு!" என்றார்கள். வீட்டில் அக்காவுக்கு அம்மாவிடமிருந்து கிடைத்த பூசை தனிக்கதை. அப்பா கார்டில் அந்த ஐந்து எண்ணையும் அடித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பூட்டு' என்று எழுதினார். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குப் போன மாதத்தைப் பார்த்து உத்தேசமாக ஓர் எண் போடுகிறவர்கள் உண்டு. அவர் எப்போதும் 'பூட்டு' என்றுதான் எழுதுவார்.

இருபத்தெட்டு திருப்பும் முடிந்தன. கொஞ்ச நாள் அப்படியே விட்டுவைத்து, பிறகு திருகைக் கழற்றிக் கம்பி போட்டார்கள். இரண்டு வருஷம் மாதத்துக்கு ஒருமுறை அந்த நாற்காலி. முன்பல் வந்தது, தெத்துப்பல் இறங்கியது, பத்தாம் வகுப்பில் அவள் மேடையேறி வரவேற்புரை படித்தாள். அப்பா இன்னும் பதினான்கு வருஷம் தெருத்தெருவாக நடந்தார். ஐம்பத்திரண்டாவது வயதில், யாரும் சொல்லாமல், தானே போய் ஒரு கண்ணாடி வாங்கிக்கொண்டார்.

ஆனால் சின்னவளுக்குத் திரும்பத் திரும்ப வருவது அந்த ஞாயிற்றுக்கிழமையின் மிச்சம்தான். அழுகை ஓய்ந்ததும் அவள் வீட்டுக்குத் திரும்பத்தான் எழுந்தாள். அப்பா எதிர்ப்பக்கம் நடந்தார்.

"எங்கப்பா? அதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே."

"இந்தத் தெருவுல இன்னும் ஏழு வீடு இருக்கு. பாதியில விட்டுட்டு எப்படிப் போறது? வா."

இந்த முறை அவர் குனியவில்லை. அவளைக் குனியவிட்டு, தான் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் எண்ணைச் சத்தமாகச் சொன்னாள். நான்கும் ஐந்தும் அவள் வாயில் சளசளவென்று ஒரே மாதிரி ஒலித்தன. "எந்த மொழிடி இது?" என்று அவர் கேட்க, அவள் விரலை விரித்துக் காட்டினாள். சரி, சரி, சரி என்று ஒவ்வொன்றுக்கும் அவர் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தார். வெயில் ஏறியிருந்தது. அவள் முழங்காலிலும் இரண்டு வட்டம் மண்.

கடைசி வீட்டில் மீட்டர் மூடியின்மேல் ஒரு நாய் சுருண்டு படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. சின்னவள் கையைத் தட்டப் போனாள். அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு, தூங்கட்டும். நமக்கு என்ன அவசரம்?"

எதிர்ச் சுவரின் நிழலில், அது எழுந்திருக்கும்வரை, இருவரும் நின்றிருந்தார்கள்.